மைதானத்து வாசலில் வண்டி போடுகிறவர்கள் பெரிய மேட்ச்சுக்கு முன் செய்ய வேண்டியவை

அம்மாவின் பஜ்ஜி வண்டியைத் தூக்கிக்கொண்டு போன நாளில் உள்ளே ஆடிக்கொண்டிருந்த அணிகள் எவை என்று எனக்கு நினைவில்லை. வாழைக்காய் நாற்பது, கடலை மாவு ஆறு கிலோ என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. காலையில் வந்து, "இன்னிக்கு இங்க நிக்கக் கூடாதும்மா, மேட்ச் இருக்கு" என்றார்கள். மேட்ச் இருக்கிறது என்றுதானே ஆறு கிலோ மாவு வாங்கினோம்! சாயந்திரம் வண்டி, அடுப்பு, எண்ணெய்ச் சட்டி எல்லாம் லாரியில் ஏறிவிட்டன. மூன்றாம் நாள் வண்டி திரும்பி வந்தது, சட்டி வரவில்லை. "சட்டி இருந்துச்சுங்கிறதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார்கள். அம்மாவிடம் ஆதாரம் ஒன்றும் இல்லை.

எந்த ஊர், எந்த மைதானம் என்று எழுதப்போவதில்லை. அம்மா இன்னும் அங்கேதான் வண்டி போடுகிறாள். நான் இரண்டு தெரு தள்ளி ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறேன். மேட்ச் சீசன் வந்தால் சுண்டல்காரர், இளநீர்க்காரர், கொடி விற்கிறவர், பூக்காரப் பாட்டி என்று எல்லோரும் மனு எழுத என்னிடம்தான் வருவார்கள். ஒரே விஷயத்தை ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய்விட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். உங்கள் ஊருக்கு வருவது கிரிக்கெட்டாக இருக்கட்டும், கார் பந்தயமாக இருக்கட்டும், வேலை இதேதான்.

முழுக்கப் படிக்க நேரமில்லாதவர்கள் இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: மேட்ச் அறிவிப்பு வருவதற்கு முந்தைய தேதி போட்ட காகிதம் உங்கள் கையில் இருக்க வேண்டும். அறிவிப்புக்குப் பிறகு நீங்கள் எதைக் காட்டினாலும், "கூட்டத்தைப் பார்த்து வந்து ஒட்டிக்கிட்டவங்க" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுவார்கள்.

என்ன காகிதம்?

முதலில் நமக்கென்று இருக்கும் சட்டம். சாலையோர வியாபாரிகளின் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம், 2014. இது வந்த கதையே ஒரு விளையாட்டு விழாவோடு பின்னியது. 2010 அக்டோபர் 3 முதல் 14 வரை டெல்லியில் காமன்வெல்த் போட்டி நடந்தது. அதற்காகத் தெருவோரக் கடைகளை அப்புறப்படுத்தினார்கள், பிச்சைக்காரர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள், விருந்தாளிகள் வரும் வழியிலிருந்த குடிசைகளை விளம்பரத் தட்டி வைத்து மறைத்தார்கள். போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே, அக்டோபர் 8 அன்று, கேந்தா ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: தெருவில் வியாபாரம் செய்வது அடிப்படை உரிமை, 2011 ஜூன் 30க்குள் இதற்கு ஒரு சட்டம் கொண்டுவாருங்கள் என்று. சட்டம் வர 2014 ஆகிவிட்டது. அது வேறு கதை.

அந்தச் சட்டத்தில் நமக்கு வேண்டியது நாலைந்து விஷயம்தான். ஊரிலுள்ள வியாபாரிகளைக் கணக்கெடுத்து, விற்பனைச் சான்றிதழ் கொடுத்து முடிக்கும்வரை யாரையும் அகற்றக் கூடாது (பிரிவு 3). சான்றிதழ் உள்ளவரை இடம் மாற்ற வேண்டுமென்றால் 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் (பிரிவு 18). அந்தக் கெடு முடிந்தும் போகாவிட்டால்தான் சரக்கை எடுக்கலாம். எடுத்தால் அந்த இடத்திலேயே பட்டியல் போட்டு, எடுத்தவர் கையெழுத்துடன் நமக்கு ஒரு நகல் தர வேண்டும். கெட்டுப்போகும் சரக்கை நாம் கேட்ட அன்றைக்கே திருப்பித் தர வேண்டும், மற்றதை இரண்டு வேலை நாளுக்குள் (பிரிவு 19). அம்மாவின் சட்டி போனபோது இந்தப் பட்டியல் விஷயம் எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சட்டம் அந்த இடத்தை உங்கள் பெயருக்குப் பட்டா போட்டுத் தரவில்லை. பொது நோக்கத்துக்காக நகர விற்பனைக் குழுவின் (இந்தச் சட்டப்படி ஊரில் அமைக்கிற, வியாபாரிகளும் உட்காரும் குழு) பரிந்துரையோடு ஓர் இடத்தை விற்பனை கூடாத இடமாக அறிவிக்க வழியிருக்கிறது. ஆக "நான் நகரவே மாட்டேன்" என்று பேசுவதில் பலனில்லை. "நோட்டீஸ் எங்க சார்? மாத்து இடம் எங்க சார்?" இந்த இரண்டு கேள்விதான் பலன் தரும்.

சரி, சான்றிதழும் அடையாள அட்டையும் இருக்கிறவர்கள் இன்றே நாலு நகல் எடுத்து வையுங்கள். அசலை வண்டியில் தொங்கவிடாதீர்கள். வண்டியோடு அதுவும் லாரி ஏறிவிடும். அடுத்து அட்டையைத் திருப்பிப் பார்த்து, எந்தத் தெரு என்று போட்டிருக்கிறது என்று படியுங்கள். ஒரு தெருவுக்கு அட்டை வாங்கிவிட்டு, கூட்டம் வருகிறதென்று வேறு கேட்டுக்கு எதிரில் நின்றால் அட்டை உங்களுக்கு உதவாது. வருடாவருடம் இதில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அட்டை இல்லாதவர்கள் கணக்கெடுப்பில் சேர்க்கச் சொல்லி நகராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகத்தில் மனு கொடுத்து, ரிசீவ்டு சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் அதே மனுவை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அப்புறம் நாள்பட்ட வியாபாரி என்று காட்டக்கூடிய எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் சேருங்கள். ஸ்வாநிதி (தெரு வியாபாரிகளுக்கான மத்திய அரசுத் திட்டம்) கடன் வாங்கியிருந்தால் அந்தத் தாள். உணவுப் பாதுகாப்புப் பதிவு. கடலை மாவு, எண்ணெய் வாங்கிய பழைய பில். இப்போது எல்லோர் வண்டியிலும் க்யூஆர் அட்டை இருக்கிறதே, அந்தக் கணக்கின் மூன்று வருட ஸ்டேட்மென்ட்டை எடுத்தால் தினமும் சாயந்திரம் இருபதும் முப்பதுமாக விழுந்துகொண்டிருக்கும். நீங்கள் நேற்று முளைத்த கடை இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. எங்கள் இளநீர்க்காரர் ஒருத்தர் பழைய பேப்பரில் வந்த மேட்ச் கூட்டப் படம் ஒன்றை லேமினேட் செய்து வைத்திருக்கிறார். படத்தின் ஓரத்தில் அவருடைய வண்டிச் சக்கரம் தெரியும். சக்கரம் மட்டும்தான்! அதையும் கவரில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அறிவிப்பு வந்தவுடன்

தேதி வெளியான வாரமே அதே அலுவலகத்துக்கு இரண்டு தாள் போக வேண்டும். ஒன்று மனு, மற்றொன்று தகவல் உரிமைச் சட்ட விண்ணப்பம். பின்னதற்கு 10 ரூபாய்தான் செலவு, பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. மேட்ச்சுக்கு இருபது நாள் இருக்கும்போது போட்டால் மேட்ச் முடிந்து பதில் வரும். அதனால்தான் அவசரம்.

தகவல் உரிமையில் "ஏன் எங்களை அகற்றுகிறீர்கள்?" என்று கேட்டு எழுதிக் கொண்டுவருவார்கள். நான் அதை அடித்துவிடுவேன். "ஏன்" என்றால் "அது தகவல் அல்ல" என்று திருப்பிவிடலாம். நகல் கேளுங்கள். இந்தத் தேதிகளில் எந்தெந்தத் தெருவில் வியாபாரம் தடை என்ற உத்தரவின் நகல், அதைப் பற்றி நகர விற்பனைக் குழு கூடிய கூட்டத்தின் குறிப்பு நகல், மாற்று இடம் ஒதுக்கிய கடிதத்தின் நகல். குழுவே கூடவில்லையென்றால் அதையும் அவர்கள் எழுத்தில்தான் சொல்லியாக வேண்டும். போலீஸ் பந்தோபஸ்துத் திட்டத்தைக் கேட்காதீர்கள், பாதுகாப்பு என்று மறுத்துவிடுவார்கள். நமக்கும் அது தேவையில்லை.

மனு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. நான் அடித்துக் கொடுக்கும் மாதிரி இது:

"ஐயா, நாங்கள் கீழே கையெழுத்திட்டுள்ள 23 பேர், மைதானத்தின் கிழக்கு வாசல் தெருவில் விற்பனைச் சான்றிதழ் பெற்று வியாபாரம் செய்து வருகிறோம். வரும் போட்டி நாட்களில் எங்கள் இடம் தேவைப்பட்டால், 2014ஆம் ஆண்டுச் சட்டம் பிரிவு 18இன்படி எழுத்துமூலம் 30 நாள் முன்னறிவிப்பும், அதே தெருவின் மேற்கு முனையில் தற்காலிக இடமும் வழங்கக் கேட்டுக்கொள்கிறோம். 23 வண்டிகளுக்கான வரைபடம் இணைத்துள்ளோம். சிலிண்டர் பாதுகாப்பு, குப்பை அகற்றுதல் இரண்டுக்கும் நாங்கள் பொறுப்பு."

இதில் முக்கியமானது வரைபடம். ஒரு வெள்ளைத்தாளில் கோடு போட்டு, எத்தனை அடிக்கு ஒரு வண்டி, ஆம்புலன்ஸ் போக எவ்வளவு வழி விடுகிறோம் என்று காட்டினால் போதும். எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கும் மேலே சொல்லிக்கொள்ள ஏதாவது வேண்டும் இல்லையா? கண்ணீர் மனுவை அவர் மேலே அனுப்ப மாட்டார், வரைபடத்தை அனுப்புவார். என் பிள்ளை படிக்க வேண்டும், எனக்குச் சர்க்கரை வியாதி என்றெல்லாம் எழுதச் சொல்கிற அக்காக்களிடம் இதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை.

தனியாகப் போகாதீர்கள். நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகள் தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். உங்கள் ஊரில் அவர் யார் என்று கண்டுபிடித்து அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கூட்டமாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குப் பிடித்த கதை பிரேசிலில் நடந்தது. சால்வடார் என்ற ஊரில் பெண்கள் வெள்ளை உடுப்பும் தலைக்கட்டுமாக உட்கார்ந்து அகராஜே என்று ஒன்று விற்பார்கள். தட்டைப்பயற்றை ஊறவைத்து, தோல் நீக்கி அரைத்து, பனையெண்ணெயில் பொரித்தெடுப்பது. ஆக நம் வடைக்கு ஒன்றுவிட்ட அக்கா. 2014 உலகக் கோப்பைக் கால்பந்துக்காக ஃபோன்டே நோவா மைதானத்தை இடித்துப் புதிதாகக் கட்டியபோது, ஃபிஃபாவின் விதிப்படி மைதானத்தைச் சுற்றி 2 கிலோமீட்டருக்கு வெளியாள் யாரும் விற்கக் கூடாது என்ற நிலை வந்தது. பழைய மைதானத்தில் காலங்காலமாக விற்றுவந்தவர்கள் இவர்கள். சங்கமாகச் சேர்ந்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், மைதானத் திறப்பு விழாவிலேயே போய்க் குரல் கொடுத்தார்கள். 2013இல் முன்னோட்டப் போட்டி நடந்தபோது மைதானத்தில் விற்க அனுமதி கிடைத்தது. எத்தனை பேருக்கு? ஆறு பேருக்கு. அம்மாவிடம் சொன்னபோது, "ஆறு பேருதானா?" என்று உதட்டைப் பிதுக்கினாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் ஃபிஃபா போட்ட கோட்டுக்குள் வடைச் சட்டி நுழைந்தது அல்லவா?

தென்னாப்பிரிக்காவில் இன்னொன்று. 2010 உலகக் கோப்பைக்கு முந்தைய வருடம், டர்பனில் வார்விக் சந்திப்பிலுள்ள அதிகாலைச் சந்தையை எடுத்துவிட்டு மால் கட்ட நகராட்சி திட்டம் போட்டது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வழியில் வந்த காய்கறி விவசாயிகளுக்காக 1910இல் ஏற்பட்ட சந்தை அது. அவர்களில் தமிழர்கள் நிறைய. ஆப்பிரிக்க வியாபாரிகளும் இந்திய வியாபாரிகளும் ஒன்றாக நின்று தெருவிலும் கோர்ட்டிலும் போராடினார்கள். மால் வரவில்லை, சந்தை இருக்கிறது.

கடன் வாங்கிச் சரக்குப் போடும் முன்

பெரிய மேட்ச் என்றதும் தண்டல்காரர் வீட்டு வாசலில் நிற்பார். பத்தாயிரம் என்று எழுதி எட்டாயிரத்து ஐந்நூறு கையில் தருவார், தினம் நூறு வீதம் நூறு நாள். மேட்ச் நடக்காவிட்டாலும் அந்த நூறு நாளும் ஓடும். விளையாட்டுத் தேதியை நம்பிக் கடன் வாங்காதீர்கள் என்று நான் சும்மா சொல்லவில்லை. 2018இல் சேப்பாக்கத்தில் ஏழு ஐபிஎல் லீக் மேட்ச் நடக்கவேண்டியது. காவிரிப் போராட்டம் வந்தது, ஒன்று மட்டும் நடந்தது, மீதி ஆறும் புனேவுக்குப் போயின. சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 2023 டிசம்பரில் நடக்கவிருந்த ஃபார்முலா 4 கார் பந்தயம் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய் 2024 ஆகஸ்ட் கடைசியில்தான் நடந்தது. 2025இல் எல்லைச் சண்டையால் ஐபிஎல் ஒரு வாரம் நின்று, கொல்கத்தாவில் நடக்கவேண்டிய ஃபைனல் அகமதாபாத்துக்கு மாறியது. ஈடன் கார்டன் வாசலில் ஃபைனலுக்கென்று கொடி வாங்கி அடுக்கியவர்களை நினைத்துப் பாருங்கள்.

பணம் வேண்டுமென்றால் ஸ்வாநிதியில் கேளுங்கள். இப்போது முதல் தடவை 15,000 ரூபாய் வரை. ஆனால் மேட்ச்சுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பேங்குக்குப் போனால் காரியம் ஆகாது, மாதக்கணக்கில் முன்னாலேயே போக வேண்டும்.

சரக்கைப் பற்றி அம்மாவின் கணக்கு இது. மேட்ச் கூட்டம் இரண்டு அலை. கேட் திறப்பதற்கு முன் ஒன்று, கடைசிப் பந்துக்குப் பிறகு ஒன்று. நடுவில் மூன்று மணி நேரம் ஈ ஓட்டலாம். முதல் அலையில் தண்ணீர் பாட்டில் போகாது, கேட்டில் பிடுங்கிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். கையில் வாங்கி நின்றபடியே முடிக்கிற பஜ்ஜி, சுண்டல்தான் போகும். திரும்பும்போது தண்ணீரும் டீயும். நம் அணி தோற்றுவிட்டால் கூட்டம் நிற்காமல் பஸ்ஸைப் பார்த்து ஓடும். அதனால் இரண்டாம் அலைக்கு மாவு கரைக்க அம்மா பதினெட்டாவது ஓவர் வரை காத்திருப்பாள். ரேடியோவில் ஸ்கோர் கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவாள்.

டீ-ஷர்ட், தொப்பி விற்கிறவர்கள் அணிச் சின்னம் அச்சிட்டதை வாங்கி அடுக்காதீர்கள். போலிப் பொருள் என்று எடுத்துவிட்டால் மேலே சொன்ன சட்டம் துணைக்கு வராது. அணியின் நிறத்தில் சாதா பனியன், துண்டு, முகத்தில் பூசும் சாயம் போதும்.

மேட்ச் அன்று

காலையில் வண்டியை இடத்தில் நிறுத்தி ஒரு போட்டோ, சரக்கு எல்லாம் தெரியும்படி இன்னொரு போட்டோ. சட்டி, கரண்டி, தராசு, சில்லறை டப்பா உட்பட. செல்லில் லொகேஷன் போட்டு எடுங்கள். எடுத்து வீட்டிலிருக்கிற யாருக்காவது வாட்ஸப் பண்ணிவிடுங்கள், தேதியும் நேரமும் அதிலேயே நின்றுவிடும்.

வீட்டுச் சிலிண்டரை எடுத்துவராதீர்கள். சிவப்புச் சிலிண்டரைப் பார்த்ததும் எடுத்துக்கொண்டு போக அவர்களுக்கு நியாயமான காரணம் கிடைத்துவிடும். அதில் உங்களுக்கு வாதாட ஒன்றுமில்லை.

நகரச் சொன்னால் அன்று வாக்குவாதம் வேண்டாம். இதில் எங்கள் சங்கத்து அண்ணன் ஒருத்தருக்கும் எனக்கும் ஒத்துப்போகாது, அவர் உட்கார்ந்துவிட வேண்டும் என்பார். பத்தாயிரம் பேர் நெருக்கும் தெருவில் கொதிக்கும் எண்ணெயை வைத்துக்கொண்டு தள்ளுமுள்ளு கூடாது என்பது என் கட்சி. நகருங்கள், ஆனால் யார் சொன்னார், எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சரக்கை எடுத்தால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "சார், பட்டியல் போட்டுக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க." தரவில்லையா? நீங்களே ஒரு தாளில் எழுதுங்கள். அலுமினியச் சட்டி 1, ஜல்லிக் கரண்டி 2, வாழைக்காய் 40 என்று எண்ணிக்கையோடு. பக்கத்துக் கடைக்காரர் இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி, அன்றைக்கே அதையே திருப்பித் தரக் கோரும் மனுவாகக் கொடுத்துவிடுங்கள். கெட்டுப்போகும் சரக்குக்கு நாம் கேட்ட நேரம்தான் கணக்கு. கேட்கவில்லையென்றால் வாழைக்காய் அங்கேயே பழுக்கும். அபராதம் கட்டச் சொன்னால் ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பக்கத்தில் குடியிருப்பவர்களும் கட்டட வேலைக்கு வந்தவர்களும்

இது எனக்குக் கொஞ்சம்தான் தெரியும். மைதானத்தை ஒட்டிய குடிசைப் பகுதியில் வாடகைக்கு இருப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். மாற்று வீட்டுக்கான பட்டியல் எடுக்கும்போது வரி ரசீது வீட்டுக்காரர் பெயரில், கரண்ட் பில்லும் அவர் பெயரில். ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ் மூன்றிலும் இப்போதைய முகவரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ரியோ ஒலிம்பிக்குக்காக விலா ஆட்டோட்ரோமோ என்ற குடியிருப்பைக் காலி செய்தபோது சுமார் 600 குடும்பத்தில் கடைசிவரை நின்று அதே இடத்தில் வீடு வாங்கியது 20 குடும்பம்தான். அவர்கள் பல்கலைக்கழகத்துக்காரர்களோடு சேர்ந்து தங்கள் குடியிருப்புக்குத் தாங்களே ஒரு திட்டம் வரைந்து வைத்திருந்தார்கள். மறுபடியும் வரைபடம்தான்.

மைதானம் கட்டும் வேலைக்குப் போகிறவர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துகொண்டு, வேலை செய்த நாட்களை நோட்டில் எழுதுங்கள். 1982 டெல்லி ஆசிய விளையாட்டுக்குக் கட்டடம் கட்டியவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. மேஸ்திரி ஒரு ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8.25 கொடுத்தார். அந்த ஒரு ரூபாய் உச்ச நீதிமன்றம் வரை போனது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்று நீதிபதி பகவதி தீர்ப்பு எழுதினார். போட்டி தொடங்க அப்போது இரண்டு மாதம் இருந்தது.

மறுநாள்

எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான். மேட்ச் முடிந்த மறுநாள் காலை அசதியில் வீட்டில் படுத்துவிடுவார்கள். ஒரு நாளைக்கென்று வைத்த தடுப்பு மூன்றாம் நாளும் இருக்கும், அதற்குள் அங்கே பைக் நிறுத்தத் தொடங்கிவிடுவார்கள், பத்தாம் நாள் அது பார்க்கிங். எங்கள் தெருவில் நாலு வண்டிக்காரர்கள் இப்படித்தான் இடத்தை இழந்தார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கே வண்டியைப் பழைய இடத்தில் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். வியாபாரம் நடக்கிற மாதிரி தெரிந்தால் போதும். அம்மா அன்றைக்கு அடுப்பே பற்றவைக்க மாட்டாள். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, முந்தின ராத்திரி மீந்த வாழைக்காயை வீட்டுக் கூட்டுக்காக நறுக்கிக்கொண்டிருப்பாள். நான் வேலைக்குப் போகிற வழியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போவேன்.